குளத்துக்கும் காட்டுக்கும் மக்கள் தரும் பெறுமதி: வன்னியில் தெரிவுப் பரிசோதனை செய்வோர் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் மாணவர்களும், வவுனியாவில் புள்ளியியல் படிப்போரும், கிராமங்களில் வினாக்கொத்துடன் வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாற்றுத் திட்டங்களை அட்டைகளில் எழுதிக் காட்டி, மக்கள் எதைத் தெரிவு செய்கிறார்கள் என்பதிலிருந்து குளம், காடு போன்றவற்றுக்கு அவர்கள் தரும் பெறுமதியை அறிவதே தெரிவுப் பரிசோதனை. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் அதைச் செய்வோரின் கேள்விகள் இவை. கணக்குக் காட்டுவதற்காக நான் தரும் குணகங்களும் (ஒவ்வொரு பண்புக்கும் மக்கள் தரும் எடையைக் காட்டும் எண்கள்) ரூபாத் தொகைகளும் விளக்கத்துக்கென எடுத்துக்கொண்ட கற்பனை எண்கள். அவற்றை எந்தக் குளத்தின் ஆய்வு முடிவாகவும் கொள்ளக் கூடாது.

சந்தையில் விற்கப்படாத ஒன்றுக்குப் பெறுமதி உண்டு என்று எப்படிச் சொல்லலாம்?

ஒரு மூடை நெல்லுக்கு விலை உண்டு. அந்த நெல்லை விளைவித்த குளத்து நீருக்கு விலை இல்லை. பெரிய குளங்களின் பாசன நீருக்கு அரசு கட்டணம் அறவிடுவதில்லை. அந்தக் குளத்துக்கு நீரைச் சேர்த்துத் தரும் மேற்காட்டுக்கும் சுண்டிக்குளத்துக்கு வந்து இறங்கும் பூநாரைகளுக்கும் விலை என்ற ஒன்றே கிடையாது. ஆயினும் இவற்றுள் ஒன்றைப் பெறுவதற்காக வேறொன்றை விட்டுக்கொடுக்க மக்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். எதை, எவ்வளவு விட்டுக்கொடுப்பார்கள் என்பதே பொருளியலில் பெறுமதி எனப்படுகிறது. அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் உழைப்பாக இருக்கலாம், கால் ஏக்கர் சிறுபோகமாகவும் (கோடைக்கால நெற்செய்கை) இருக்கலாம். இதை முதலில் மனதில் இருத்திக்கொள்ளாதவர்கள், பின்னர் வரும் ரூபாக் கணக்கைக் குளத்தின் விற்பனை விலை என்று எண்ணிவிடுகிறார்கள்.

இந்த முறைகள் எங்கிருந்து வந்தன?

மக்களிடமே நேரில் கேட்டுப் பெறுமதியை அறியலாம் என்ற யோசனையை 1947 இல் சிரியாசி வான்ட்ரப் முன்வைத்தார். அதைக் களத்தில் செய்து காட்டியவர் ரொபர்ட் டேவிஸ். ஐக்கிய அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளுக்கு வந்தவர்களைக் கேட்டு 1963 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்தார். ஆனால் இம்முறை பெரும் கவனம் பெற்றது 1989 மார்ச் 24 இல் அலாஸ்காவில் எக்சன் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் கலன் எண்ணெய் கடலில் கலந்த பிறகுதான். அலாஸ்காவை ஒருபோதும் பார்த்திராத அமெரிக்கக் குடும்பங்களிடம், இத்தகைய விபத்து மீண்டும் நேராமல் தடுக்க என்ன தருவீர்கள் என்று ரிச்சர்ட் கார்சன் குழுவினர் கேட்டார்கள். ஒரு குடும்பத்துக்கான இடையம் ஏறத்தாழ 31 டொலர். நாடு முழுவதற்கும் அது ஏறத்தாழ 280 கோடி டொலராயிற்று.

இந்த எண்ணை நம்பலாமா என்று பெரும் விவாதம் எழுந்தது. நோபல் பரிசு பெற்ற கென்னத் அரோவும் ரொபர்ட் சொலோவும் தலைமை தாங்கிய நிபுணர் குழுவொன்று 1993 இல் அறிக்கை தந்தது. நேரில் சென்று கேட்க வேண்டும், "எவ்வளவு தருவீர்கள்" என்று திறந்த வினாவாகக் கேளாமல் குறித்த தொகைக்கு "ஆம், இல்லை" என வாக்களிக்கச் செய்ய வேண்டும், குடும்பத்தின் வரவு செலவையும் வேறு மாற்றுவழிகளையும் நினைவூட்ட வேண்டும் என்பவை அதன் முக்கியமான அறிவுரைகள். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றுட் பெரும்பாலானவை செல்லுபடியாகின்றன.

கற்பிதச் சந்தை முறையும் தெரிவுப் பரிசோதனையும் ஒன்றுதானா?

உறவுடையவை, ஒன்றல்ல. கற்பிதச் சந்தை முறையில் ஒரு திட்டத்தை முழுமையாக விவரித்து, அந்த ஒரு திட்டத்துக்கு ஒரு தொகையைச் சொல்லி, சம்மதமா என்று கேட்கிறோம். தெரிவுப் பரிசோதனையில் திட்டத்தைப் பண்புகளாகப் பிரித்து, அவற்றின் மட்டங்களை மாற்றி மாற்றி அட்டைகளில் எழுதி, ஒவ்வோர் அட்டையிலும் எதைத் தெரிவு செய்கிறீர்கள் என்று கேட்கிறோம். குளத்தைத் திருத்துவதா இல்லையா என்பதே கேள்வியானால் முதலாவது போதும். திருத்தும்போது துருசுக்கும் (நீர் திறந்துவிடும் மதகு) வாய்க்காலுக்கும் முன்னுரிமையா, மேற்காட்டைக் காப்பதற்கா, குளத்து மீனுக்கா என்று அறிய விரும்பினால் இரண்டாவதுதான் உதவும்.

இரண்டாவதன் அடித்தளம், ஒரு பொருளை அதன் பண்புகளின் கூட்டாகவே மனிதர் விரும்புகிறார்கள் என்று 1966 இல் லங்காஸ்டர் எழுதிய கருத்தாகும். சுற்றாடல் ஆய்வில் இம்முறையை முதலில் கையாண்டவர்கள் அடமோவிச், லூவியர், வில்லியம்ஸ் ஆகியோர், ஆண்டு 1994.

பண்புகளை எப்படித் தெரிவு செய்வது?

அலுவலகத்தில் இருந்து எழுதுவதால் அது நடக்காது. சனசமூக நிலையத்திலோ கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலோ எட்டுப் பத்துப் பேருடன் அமர்ந்து, குளத்தில் எது மாறினால் உங்கள் வாழ்க்கை மாறும் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பண்புகளை எழுத வேண்டும். "நீர்வள மேம்பாடு" என்று அட்டையில் எழுதினால் ஒருவருக்கும் எதுவும் விளங்காது. "சிறுபோகத்தில் உங்கள் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு விதைக்கலாம்: கால், அரை, முக்கால்" என்று எழுதினால், குளத்து நீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் செய்யலாம் எனப் போகத்துக்கு முன் கூட்டத்தில் தீர்மானிக்கும் வழக்கத்தை அறிந்த ஒவ்வொருவருக்கும் அதன் கனதி தெரியும்.

ஒரு பண்பு ஒருவருக்கு நன்மையாகவும் இன்னொருவருக்குத் தீமையாகவும் இருக்கலாம் என்பதை வன்னியில் மறந்துவிடக் கூடாது. காடு அடர்ந்தால் குளத்துக்கு நீர் வரத்து உண்டு, தேன் உண்டு, விறகு உண்டு, வைகாசி ஆனியில் பாலைப்பழமும் உண்டு. அதே காட்டிலிருந்து யானையும் இறங்குகிறது. காட்டோரத்தில் வாழை வைத்திருப்பவரும் வாய்க்காலின் கடைமடையில் நெல் விதைப்பவரும் "காடு பாதுகாக்கப்படும்" என்ற ஒரே வரியை வெவ்வேறாக வாசிப்பார்கள். ஆகவே யானைவேலி உண்டா இல்லையா என்பதைத் தனிப் பண்பாக வைக்க வேண்டும், அல்லது காட்டைப் பற்றிய விவரணத்திலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் மக்கள் தாமே ஒன்றை ஊகித்துக்கொண்டு விடை தருவார்கள். நாம் அளந்தது எது என்று நமக்கே தெரியாமற் போகும்.

கட்டணத்தை எந்த வடிவில் வைப்பது?

என் அனுபவத்தில் வினாக்கொத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான். வரி என்று எழுதினால் வருமான வரி செலுத்தாத குடும்பங்களுக்கு அது வெறும் சொல். நன்கொடை என்று எழுதினால், மற்றவர்கள் தரட்டும் என்று ஒதுங்க இடம் உண்டு. உண்மையில் தர வேண்டியதில்லை என்பதால் தாராளமாகச் சொல்லவும் இடம் உண்டு. கமக்காரர் அமைப்புக்கு ஏக்கர்க் கணக்கில் போகந்தோறும் எல்லோரும் கட்டாயமாகச் செலுத்தும் தொகை என்றால், அது ஊருக்குப் பழகிய வடிவம். நம்பகமும் கட்டாயத்தன்மையும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் வயலில்லாத குடும்பங்களும் குளத்தில் மீன் பிடிப்போரும் அதற்குள் அடங்க மாட்டார்கள். அவர்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு தொகை என வேறு வடிவம் வேண்டும்.

காசு குறைந்த குடும்பங்களுக்காக உழைப்பு நாட்களைக் கட்டணமாக வைப்பது உலகின் பல கிராமப்புற ஆய்வுகளில் நடந்திருக்கிறது. வன்னியில் சிரமதானம் என்ற பழக்கம் இருப்பதால் அது இயல்பாகப் பொருந்தும். ஆனால் உழைப்பு எல்லோரிடமும் சமமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு, அங்கவீனத்துடன் வாழும் முன்னாள் கமக்காரருக்கு, மாதத்தில் இரண்டு நாள் என்பது இரண்டாயிரம் ரூபாவை விடப் பெரிய சுமையாக இருக்கலாம். எனவே மாதிரியை எழுமாற்றாக இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குப் பணமும் மறுபகுதிக்கு உழைப்பும் வைத்து ஒப்பிடுவது நல்லது. உழைப்பு நாளை முழு நாட்கூலியால் பெருக்கி ரூபாவாக்குவதைத் தவிர்க்க வேண்டும். கூலி வேலை கிடைக்காத மாதத்தில் ஒரு நாளின் இழப்பு நாட்கூலியை விடக் குறைவானது.

எத்தனை அட்டைகள் காட்டலாம்?

சிறுபோகப் பங்கு 3 மட்டம், மேற்காடு 2 மட்டம், குளத்து மீன் 3 மட்டம், கட்டணம் 4 மட்டம் என்றால் மொத்தம் 72 சேர்க்கைகள். அவற்றை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்தால் 2556 சோடிகள். எவரிடமும் இவற்றைக் கேட்க முடியாது. ஆகவே குணகங்களின் நியம வழு (மதிப்பீட்டின் நிச்சயமின்மை) மிகக் குறையுமாறு ஒரு சிறு தொகுதியைத் தெரிவு செய்யும் வினைத்திறன் வடிவமைப்பு பயன்படுகிறது. அதற்குக் குணகங்களைப் பற்றிய முன்னூகம் வேண்டும் என்பதால், முதலில் முப்பது நாற்பது பேரிடம் முன்னோட்டம் செய்து, கிடைத்த குணகங்களை வைத்து வடிவமைப்பைத் திருத்துவார்கள்.

ஒருவருக்கு ஆறு அட்டைகள் போதும் என்பது என் கருத்து. பன்னிரண்டு காட்டலாம் என்று எழுதுவோர் உண்டு. வயலுக்குப் போக வேண்டிய காலை நேரத்தில் திண்ணையில் இருந்து விடை சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் ஏழாவது அட்டையிலேயே அது தெரிந்துவிடும். ஒவ்வோர் அட்டையிலும் "இப்போதுள்ள நிலையே போதும், கட்டணம் இல்லை" என்ற மூன்றாவது தெரிவு கட்டாயம் இருக்க வேண்டும்.

எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? யாரை?

அவசரக் கணக்குக்கு ஒரு சூத்திரம் வழக்கில் உள்ளது: அதிகபட்ச மட்டங்களின் எண்ணிக்கையை 500 ஆல் பெருக்கி, அட்டைகளின் எண்ணிக்கையையும் ஒவ்வோர் அட்டையிலுள்ள தெரிவுகளின் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் தொகையால் வகுப்பது. 4 மட்டம், 6 அட்டை, இப்போதுள்ள நிலையைச் சேர்க்காமல் 2 தெரிவு என்றால் 2000 ஐ 12 ஆல் வகுக்க 167 பேர். இது கீழ்வரம்பு மட்டுமே. கமக்காரரையும் மீன்பிடிப்போரையும் தனித்தனியாகப் பகுத்தாய விரும்பினால் ஒவ்வொரு குழுவுக்கும் இந்த அளவு வேண்டும்.

யாரை என்பது இதைவிடக் கடினம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பவர் ஊரில் இல்லாதிருக்கலாம். ஊரில் இருப்பவர் பெயர் வேறு மாவட்டத்தில் இருக்கலாம். கிராம அலுவலரிடம் உள்ள குடும்ப விவரம் பெரும்பாலும் இதைவிட அண்மையானது. அதன் பிறகும் ஒரு கேள்வி உண்டு. காணிக்காரர் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருக்க, வயலைக் குத்தகைக்குச் செய்பவர் இங்கே இருக்கிறார். குளம் திருந்தினால் காணியின் பெறுமதி ஒருவருக்கு உயரும்; மற்றவருக்குக் குத்தகை உயரும். இருவரையும் "விவசாயி" என்ற ஒரே பெட்டியில் அடையாளமிட்டால் விடையின் பாதி தொலைந்துவிடும். குடும்பத்தலைவர் என்று ஆண்களையே தேடிப் போவதும் இப்படியான ஒரு தொலைப்புத்தான்.

லொஜிற் மாதிரியுரு எப்படி வேலை செய்கிறது?

ஒருவர் ஒரு தெரிவிலிருந்து பெறும் பயன்பாட்டில் (அதனால் அவர் அடையும் நிறைவில்) நாம் அளக்கக்கூடிய பகுதி ஒன்றும், நமக்குத் தெரியாத எழுமாற்றுப் பகுதி ஒன்றும் உண்டு. இந்த எண்ணத்தின் வேர் 1927 இல் உளவியலாளர் தேர்ஸ்டன் எழுதியதில் இருக்கிறது; அதைப் பொருளியலுக்குரிய கணிப்பு முறையாக்கி 1974 இல் வெளியிட்ட டானியல் மக்ஃபாடன் 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். எழுமாற்றுப் பகுதிகள் ஒன்றையொன்று சாராமல் ஒரு குறித்த பரம்பலைப் பின்பற்றுகின்றன என்று கொண்டால், ஒரு தெரிவின் நிகழ்தகவு, அதன் அளவிடத்தக்க பயன்பாட்டின் அடுக்குக்குறி மதிப்பை (e என்ற எண்ணின் அடுக்காகப் பயன்பாட்டை எழுத வரும் மதிப்பு) எல்லாத் தெரிவுகளின் அடுக்குக்குறி மதிப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும். இதுவே லொஜிற் மாதிரியுரு.

ஓர் உதாரணம் பார்ப்போம். கால் ஏக்கர் பங்கு கூடுவதற்குக் குணகம் 1.2, மேற்காடு காக்கப்படுவதற்கு 0.60, கட்டணத்துக்கு ரூபா ஒன்றுக்கு −0.0004 என்க. முதலாவது திட்டத்தில் காடு காக்கப்படுகிறது, பங்கு காலிலிருந்து அரையாகிறது, கட்டணம் 2500 ரூபா. அதன் பயன்பாடு 0.60 + 1.2 − 1.0 = 0.8. இரண்டாவதில் காடு மட்டும் காக்கப்படுகிறது, கட்டணம் 1000 ரூபா, பயன்பாடு 0.2. இப்போதுள்ள நிலைக்குப் பூச்சியம். அடுக்குக்குறி மதிப்புகள் முறையே 2.226, 1.221, 1, கூட்டுத்தொகை 4.447. ஆகவே நூற்றில் ஏறத்தாழ 50 பேர் முதலாவதையும், 27 அல்லது 28 பேர் இரண்டாவதையும், எஞ்சியோர் இப்போதுள்ள நிலையையும் தெரிவு செய்வர். மென்பொருள் செய்வது இதன் மறுதலை: களத்தில் கிடைத்த தெரிவுகளுக்கு மிகப் பொருத்தமான குணகங்களை அதியுயர் இயல்தகவு முறையால் தேடுகிறது. இங்கே எளிமைக்காக விட்டுவிட்ட ஒன்றை நீங்கள் விடக் கூடாது: இப்போதுள்ள நிலைக்கெனத் தனி மாறிலி ஒன்று மாதிரியுருவில் இருக்க வேண்டும்.

அந்த மாறிலி ஏன் வேண்டும்?

அட்டையில் எழுதிய பண்புகளால் விளக்க முடியாத பிடிப்பு அதில்தான் வெளிப்படும். பலமுறை இடம்பெயர்ந்து, 2009 க்குப் பின் வெறுங்கையுடன் திரும்பி, கிணற்றை இறைத்து, வேலியை அடைத்து, ஒரு வாழ்க்கையை மீண்டும் ஊன்றியவர்கள் "இருக்கிறதை மாத்த வேண்டாம்" என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. திட்டம் என்ற பெயரில் வருவது தம் காணியின் எல்லையைத் தொடுமோ, காடு காப்பது என்பது தாம் விறகெடுக்கும் இடத்தைக் கல்நாட்டித் தடுப்பதாக முடியுமோ என்ற அச்சம் அந்த மாறிலிக்குள் இருக்கிறது. அதை வெறும் பக்கச்சார்பு என்று ஆய்வேட்டில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

ரூபாத் தொகை எப்படி வருகிறது? அதன் ஆயிடை?

பண்பின் குணகத்தைக் கட்டணக் குணகத்தால் வகுத்து, குறியை மாற்ற வேண்டும். மேலேயுள்ள எண்களில் மேற்காட்டுக்கு 0.60 ஐ 0.0004 ஆல் வகுக்க 1500 ரூபா. கால் ஏக்கர் பங்குக்கு 3000 ரூபா. இது விகிதம் என்பதால் அதன் வழுவை நேரடியாக வாசிக்க முடியாது. கிரின்ஸ்கியும் ரொப்பும் 1986 இல் சொன்ன வழி எளிது: மதிப்பிட்ட குணகங்களையும் அவற்றின் இணைமாறற்றிறன்களையும் (அவை ஒன்றோடொன்று சேர்ந்து மாறும் அளவு) கொண்ட பன்மாறிச் செவ்வன் (மணிவடிவ) பரம்பலிலிருந்து ஆயிரம் தடவை எழுமாற்றாக எடுத்து, ஒவ்வொரு தடவையும் விகிதத்தைக் கணித்து, ஏறுவரிசையில் அடுக்கி, இரு முனைகளிலும் 25 ஐ விட்டால் 95 சதவீத ஆயிடை, அதாவது உண்மைத் தொகை இருக்கக்கூடிய வீச்சு, கிடைக்கும்.

ஒருவரே ஆறு அட்டைகளுக்கு விடை சொன்னார் என்பதையும், ஒரே வாய்க்காலில் உள்ளவர்கள் ஒரே துயரைப் பகிர்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்காமல் 200 பேரின் 1200 விடைகளை 1200 தனி மனிதர்களாக எண்ணினால், ஆயிடை பொய்யாகக் குறுகிவிடும்.

எளிய லொஜிற் போதாது என்கிறார்களே?

போதாமைக்கு முதற் காரணத்தை ஏ9 வீதியில் வைத்துச் சொல்கிறேன். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போவோரில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிளிலும் பாதிப்பேர் சிவப்பு இ.போ.ச. பஸ்ஸிலும் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டணத்தில், அதே நேரத்தில், தனியார் பஸ் ஒன்று வருகிறது. உண்மையில் பஸ் பயணிகள்தான் இரண்டாகப் பிரிவார்கள். எளிய லொஜிற்றோ மூன்றுக்கும் மூன்றிலொரு பங்கு கொடுத்து, மோட்டார் சைக்கிள்காரரையும் பஸ்ஸில் ஏற்றிவிடும். இரண்டு தெரிவுகளுக்கிடையிலான விகிதம் மூன்றாவதால் மாறாது என்ற அதன் எடுகோளே இதற்குக் காரணம். ஒன்றையொன்று ஒத்த இரண்டு திட்டங்களும் ஓர் "இப்போதுள்ள நிலையும்" உள்ள நம் அட்டையிலும் இந்தச் சிக்கல் வரும்.

இரண்டாவது காரணம், எல்லோருக்கும் ஒரே குணகம் என்று அது கொள்வது. கலப்பு லொஜிற்றில் குணகம் ஆளுக்காள் மாறும் ஒரு பரம்பலாகிறது. காட்டுக்கான குணகம் சிலருக்கு நேராகவும், யானையால் இழந்தவர்களுக்கு மறையாகவும் இருப்பதை அது காட்டும். மறைவகுப்பு மாதிரியுரு, மக்களைச் சில குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குணகம் தரும். குளத்தில் சிறுபோக முடிவில் எவ்வளவு நீர் மிஞ்ச வேண்டும் என்பது பண்பானால் நான் மறைவகுப்பையே விரும்புவேன்: கடைசித் துளியும் வயலுக்கு என்போரும், மீன் தங்க நீர் நிற்க வேண்டும் என்போரும் ஒரே மணிவடிவப் பரம்பலின் இரு ஓரங்கள் அல்லர், அவர்கள் இரண்டு தொழிலைச் சேர்ந்தவர்கள்.

கலப்பு லொஜிற்றில் கட்டணக் குணகத்தையும் செவ்வன் பரம்பலாக விட்டுவிடாதீர்கள். அது பூச்சியத்தை அண்மிக்கும் இடத்தில் விகிதம் வெடித்துவிடும். அதைத் தவிர்க்கவே, மக்கள் தர விரும்பும் தொகையின் பரம்பலை நேரடியாக மதிப்பிடும் வடிவத்தை ட்ரெயினும் வீக்சும் 2005 இல் எழுதினார்கள். 'ஆர்' மென்பொருளில் அப்போலோ என்ற இலவசப் பொதி இவை அனைத்தையும் செய்யும்.

ஆம், இல்லை என்ற விடைகள் மட்டுமே கையில் இருந்தால்?

பரம்பல் எடுகோள் எதுவுமின்றி ஒரு கீழ்வரம்பு காணலாம். டர்ன்புல் முறை என்பார்கள். 500 ரூபாவுக்கு 80 சதவீதம், 1000 க்கு 60, 2000 க்கு 35, 4000 க்கு 15 சதவீதம் சம்மதித்தார்கள் என்க. 500 க்குச் சம்மதித்து 1000 க்கு மறுத்திருக்கக்கூடிய 20 சதவீதத்தினருக்கு 500 மட்டும், அடுத்த 25 சதவீதத்தினருக்கு 1000, அடுத்த 20 க்கு 2000, எஞ்சிய 15 க்கு 4000 என்று வைத்தால் 100 + 250 + 400 + 600 = 1350 ரூபா. எவருக்கும் அவர் சொன்னதற்கு மேல் ஒரு சதமும் ஏற்றாத கணக்கு என்பதால், திணைக்களக் கூட்டங்களில் இதை முன்வைப்பது பாதுகாப்பானது.

"ஒரு சதமும் தரமாட்டேன்" என்பவரை என்ன செய்வது?

ஏன் என்று கேளுங்கள், விடையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். "காசில்லை" என்பது உண்மையான பூச்சியம். "எங்கட குளத்துக்கு நாங்கள் ஏன் காசு குடுக்கவேணும்?" என்பது வேறு, அவருக்குக் குளம் பெறுமதியற்றது என்று அதற்குப் பொருள் இல்லை, உரிமையைப் பற்றி அவர் பேசுகிறார். "கட்டின காசு எங்க போகும் எண்டு தெரியாது" என்பது நம்பிக்கையின்மை. பின்னிரண்டையும் எதிர்ப்புப் பூச்சியம் என்று பெயரிட்டு நீக்கிவிட்டு இடை காண்பது பரவலான வழக்கம். நீக்கியும் நீக்காமலும் இரண்டு மதிப்பீடுகளையும் தர வேண்டும். எத்தனை பேரை, எந்தக் காரணத்தால் நீக்கினோம் என்பதையும் எழுத வேண்டும். மாதிரியில் மூன்றிலொருவர் இப்படிச் சொன்னால், கட்டண வடிவத்தைத் தவறாகத் தெரிவு செய்திருக்கிறோம் என்பதே முதன்மையான முடிவு.

கற்பனைத் தொகையைத்தானே சொல்கிறார்கள்? நம்பலாமா?

கையிலிருந்து காசு போகாதபோது மக்கள் சற்றுக் கூடுதலாகச் சொல்வது பல ஒப்பீட்டு ஆய்வுகளில் தெரிந்த விடயம். கேள்விக்கு முன்பே, "இப்படியான கேள்விகளுக்குப் பலர் உண்மையில் தருவதை விடக் கூடுதலாகச் சொல்லிவிடுகிறார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவையும் கடன் தவணையையும் நினைத்துச் சொல்லுங்கள்" என்று வாசித்துக் காட்டுவது இதைக் குறைக்க உதவும். இரவில் வீட்டில் பேசி மறுநாள் விடை தர அவகாசம் கொடுப்பதும் நல்லது.

வன்னியில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. மீள்குடியேற்றத்துக்குப் பின் வீட்டுத்திட்டத்துக்கும் வாழ்வாதார உதவிக்கும் எத்தனையோ படிவங்கள் நிரப்பப்பட்டன. ஆகவே கையில் கோப்புடன் வருபவரைக் கண்டதும் "பதிவு எடுக்க வந்திருக்கினம்" என்ற எண்ணம் எழுகிறது. சிலர் உதவி கிடைக்கும் என்று வறுமையைக் கூட்டிச் சொல்வர்; சிலர் வந்தவரின் மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவர்; இன்னும் சிலர், எத்தனையோ பதிவு போயும் ஒன்றும் வரவில்லை என்று மேலெழுந்தவாரியாகச் சொல்லி அனுப்பிவிடுவர். நான் பங்குகொண்ட ஒரு களப்பணியில், முதல் இரண்டு நாட்களில் ஒரு கிராமத்தில் ஏறத்தாழ எல்லோரும் மிக உயர்ந்த கட்டணத்துக்கே சம்மதித்திருந்தார்கள். விசாரித்தபோது, அதிகம் ஒப்புக்கொள்ளும் ஊருக்கே திட்டம் வரும் என்று ஒரு பேச்சு பரவியிருந்தது தெரிந்தது. அந்த விடைகளை ஒதுக்கிவைத்து, ஊர்க்கூட்டம் ஒன்றில் ஆய்வின் நோக்கத்தை விளக்கிய பிறகே தொடர்ந்தோம். இது எந்த உதவிக்கும் உரிய பட்டியல் இல்லை என்பதையும், ஆனால் முடிவுகள் யாரிடம் சமர்ப்பிக்கப்படும் என்பதையும் இரண்டையும் சொல்ல வேண்டும். தன் விடைக்கு ஏதோ ஒரு விளைவு உண்டு என்று நம்புபவரே சிந்தித்து விடை தருகிறார்.

அளவு கூடினால் தொகையும் கூட வேண்டாமா?

கூட வேண்டும். எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து இறக்கும் நீர்ப்பறவைகளைக் காப்பது பற்றிய அமெரிக்க ஆய்வொன்றில் 2,000, 20,000, 200,000 பறவைகள் என மூன்று குழுக்களிடம் வெவ்வேறாகக் கேட்டபோது சராசரித் தொகைகள் 80, 78, 88 டொலராக வந்தன. இம்முறையை ஐயுறுவோர் இன்றும் காட்டும் சான்று இது. எண்ணிக்கை ஒருவர் மனதில் உருவம் பெறாவிட்டால் இப்படித்தான் நடக்கும். வங்காலையிலோ கொக்கிளாயிலோ பறவைகளைப் பற்றிக் கேட்பதானால், "இருபதாயிரம்" என்பதை விட "மாரியில் கரை முழுவதும் நிறைந்திருக்கும்" என்ற படம் பேசும். மாதிரியைப் பிரித்து இருவேறு அளவுகளைக் கேட்டுப் பார்க்காமல் ஆய்வை முடிக்காதீர்கள்.

தருவதைக் கேட்பதா, இழப்புக்கு ஈடு கேட்பதா?

உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். பின்னர் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் குடிநீர்த் தேவையும் உண்மை, கமக்காரரின் சிறுபோகமும் உண்மை. இப்படியான ஒரு நிலையில் கமக்காரரிடம் "உங்கள் நீரை வைத்திருக்க எவ்வளவு தருவீர்கள்" என்று கேட்டால், அந்த நீர் அவர்களுடையது அன்று என்று கேள்வியிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "விட்டுக்கொடுக்க என்ன ஈடு வேண்டும்" என்பதே நேர்மையான வடிவம். அதற்குக் கிடைக்கும் தொகைகள் பல மடங்கு பெரிதாக வரும். மாற்றீடு இல்லாத பொருளுக்கு இந்த இடைவெளி பெரிதாக இருப்பது கோட்பாட்டுக்கு முரணானதன்று என்று மைக்கல் ஹனெமன் 1991 இல் காட்டினார். குளத்து நீருக்கு மாற்றீடாக எதைச் சொல்வது?

1993 ஆம் ஆண்டின் நிபுணர் குழு, தரும் தொகையையே கேளுங்கள், அது அடக்கமான எண் என்றது. அது சேதத்துக்கு நட்டஈடு கணிக்கும் நீதிமன்றச் சூழலில் சொன்னது. அதை அப்படியே இங்கே கொண்டுவருவது எனக்கு உடன்பாடில்லை.

எந்தக் காலத்தில் கேட்பது?

மார்கழியில் குளம் வான் பாயும்போது நீரின் பங்கு ஒருவருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆவணியில் அடிக்கட்டு வெடித்துக் கிடக்கும்போது அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. மாசி, பங்குனியில் காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும். இரண்டு காலங்களில் கேட்க இயலாவிட்டால், கேட்ட மாதத்தையும் அன்றைய குள நீர்மட்டத்தையும் முடிவுகளுடன் எழுதுங்கள்.

முடிவுகளை ஊருக்கு எப்படிச் சொல்வது?

சராசரியை மட்டும் சொல்லாதீர்கள். 1500 ரூபா என்ற சராசரிக்குள் 5000 சொன்ன பத்து ஏக்கர்க்காரரும் 200 சொன்ன கூலித்தொழிலாளியும் இருக்கிறார்கள். தொகை விருப்பத்தை மட்டுமன்றி வருமானத்தையும் அளக்கிறது. அத்தொகைகளைக் கூட்டி எந்தத் திட்டம் சிறந்தது என்று தீர்மானித்தால், பணமுள்ளவரின் விருப்பத்துக்குக் கூடுதல் வாக்குக் கொடுத்ததாகும். எனவே வயலுடையோர், குத்தகையாளர், மீன்பிடிப்போர், பெண் தலைமைக் குடும்பங்கள் எனப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் எந்தப் பண்பை முதலாவதாக வைத்தது என்பதை ரூபா இல்லாமலும் காட்டுங்கள். கமநல சேவை நிலையத்தில் தொங்கவிடக்கூடிய ஒரு பெரிய தாளில், நான்கு குழுக்கள், நான்கு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் நீளம் வேறான பட்டைகள். அடியில் எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பது. காலபோகக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக அது அங்கே இருந்தால், குளத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் அதைப் பார்த்து, எது சரி எது பிழை என்று தாங்களே சொல்வார்கள். அந்தத் திருத்தங்களையும் குறித்துக்கொண்டு வந்து ஆய்வறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.